பஸ்காவும் பேரரசின் நாட்காட்டியும்

எபிரேயரின் 'பெசாக்' கிரேக்க மொழியில் 'பஸ்கா' ஆயிற்று. கிறிஸ்து உயிர்த்தெழுந்த திருநாளுக்கும் கிரேக்கர் அப்பெயரையே இட்டனர். இரு சமயத்தாரின் பெருவிழாக்களுக்கு ஒரே சொல் பெயராய் அமைந்த வரலாறு நம் கருத்திற்குரியது.

பஸ்காவின் தோற்றத்தை ஆராய்ந்தோர் பலர் அதனுள் இரு பழைய விழாக்களைக் காண்பர். ஒன்று இளவேனிலில் ஆட்டுக்குட்டியைப் பலியிட்ட மேய்ப்பர் விழா. மற்றது வாற்கோதுமை அறுவடைத் தொடக்கத்தில் புளிப்பில்லா அப்பம் உண்ட உழவர் விழா. இவ்விரண்டையும் பிணைத்தது எகிப்திய அடிமைத்தளையறுத்த கதை. அக்கதையை உறுதிப்படுத்தும் எகிப்தியச் சாசனம் எதுவும் கிடைத்திலது. இஸ்ரவேலின் பெயரைக் கூறும் மிகப் பழைய சான்றாகிய மெர்னெப்தா மன்னனின் கல்வெட்டு (ஏறத்தாழ கி. மு. 1208) அம்மக்கள் கானான் பகுதியில் அடியோடு அழிக்கப்பட்டனர் என்கிறது. (வேந்தர்தம் வெற்றிக் கல்வெட்டுகளை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?) எவ்வாறாயினும், தம் முன்னோரை அடிமைகள் என்று ஆண்டுதோறும் கசப்புக் கீரை உண்டு நினைவுகூரும் மக்கட்கூட்டம் உலகில் அரிது.

இயேசுவும் முதற் சீடரும் யூதரே. முதல் மூன்று சுவிசேஷங்கள் இறுதி இராவுணவைப் பஸ்கா விருந்தென்று கூறும். யோவானோ பஸ்காவுக்கு ஆயத்தம் செய்யும் நாளில் அவர் சிலுவையில் மாண்டார் என்பார். நாள் வேறுபடினும், பலியாகும் ஆட்டுக்குட்டி, விடுதலை என்னும் இரு கருத்துகளும் பஸ்காவிலிருந்தே புதிய நம்பிக்கைக்குள் வந்தன. கோதுமை அறுவடையின் ஐம்பதாம் நாள் விழாவே பெந்தெகொஸ்தே ஆயிற்று.

சின்ன ஆசியத் திருச்சபைகள் யூதரின் நிசான் மாதம் 14ஆம் நாளையே கொண்டாடின. உரோமர் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டனர். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னாவின் பொலிக்கார்ப் உரோமுக்குச் சென்று அனிசேத்துவுடன் இதுபற்றி உரையாடினார். உடன்பாடு ஏற்படவில்லை, ஆயினும் இருவரும் நண்பராகவே பிரிந்தனர். ஏறத்தாழ 190இல் விக்டர் ஆசியச் சபைகளை விலக்க முனைந்தபோது இரேனேயு அவரைக் கண்டித்தார். அதுவரை இது சபையோரின் வழக்காகவே இருந்தது. 325இல் நிசேயாச் சங்கத்தைக் கூட்டியவனோ பேரரசன் கொன்ஸ்தந்தீன். ஒரே பேரரசுக்கு ஒரே திருநாள் வேண்டியிருந்தது. யூதரின் வழக்கத்தைப் பின்பற்றுதல் தகாது என்று அவன் எழுதிய மடலில் வெறுப்பு வெளிப்படையாகவே தொனிக்கிறது. நாட்கணக்கு வேறுபாடு அரசியற் பகையாக மாறியது இங்கேதான்.

பின்னர் நிகழ்ந்தவை கொடியவை. யூதர் தம் பஸ்கா அப்பத்தில் கிறிஸ்தவக் குழந்தையின் இரத்தத்தைக் கலப்பர் என்னும் பொய் இடைக்கால ஐரோப்பாவில் தோன்றியது. 1903இல், சார் மன்னனின் ஆட்சியில், கிஷினேவ் நகரில் உயிர்ப்பு ஞாயிறன்று தொடங்கிய வெறியாட்டத்தில் 49 யூதர் மாண்டனர். இயேசுவின் மரணத்திற்கு யூத இனம் முழுவதையும் குற்றஞ்சாட்டலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965இல். நிசேயாவுக்கு 1640 ஆண்டுகளின் பின்!

பஸ்காவின் மூலக்கதைக்கு நேர்ந்த வேறொரு கதியும் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பு அடிமைகளுக்கென 1807இல் இலண்டனில் ஒரு விவிலியத் தொகுப்பு அச்சிடப்பட்டது. யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை அதில் இருந்தது. மோசே தம் மக்களை எகிப்திலிருந்து மீட்டுச் சென்ற அதிகாரங்கள் நீக்கப்பட்டிருந்தன.