சுயேச்சை வேட்பாளரும் உள்ளூராட்சியும்
கொழும்பு மாநகர சபையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

அரசியற் சொற்கள் சமுதாயத்தின் உடைமை உறவுகளிலிருந்து தனித்து நிற்பனவல்ல. சொல் மாறாதிருக்க, அது குறிக்கும் பொருள் மாறிவிடுதலும் உண்டு. 'சுயேச்சை' அத்தகைய ஒரு சொல். தன்விருப்பு என்னும் பொருள் தரும் இவ்வடசொல் தேர்தற் களத்திலே கட்சி சாராமையைக் குறித்து வழங்கலாயிற்று. கட்சி சாராதவர் எச்சார்பும் அற்றவர் என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. இவ்வெண்ணம் வரலாற்று ஆய்வின்முன் நிற்கக்கூடியதன்று. உள்ளூராட்சிச் சபையில் ஓர் ஆசனத்திற்காகத் தனித்து நின்றவர் யார், எவ்வகுப்பின் துணைகொண்டு நின்றார், சட்டம் அவருக்கு எவ்வளவு இடமளித்தது என்னும் வினாக்களைக் கொழும்பு மாநகர சபையின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகளுக்கு வழிவகுத்தது. பிரித்தானியர் இதனை மக்களாட்சியின் மீதுள்ள பற்றினால் மட்டும் செய்தனர் எனக் கொள்வதற்கில்லை. கோப்பிப் பொருளாதாரம் பெருகிய அக்காலத்திலே நகரின் வீதி, வடிகான், விளக்கு முதலியவற்றின் செலவை நகரத்தாரின் வரியிலிருந்தே பெறவேண்டிய தேவை குடியேற்ற அரசுக்கு இருந்தது. வரி செலுத்தும் உடைமையாளருக்குச் சபையிலே சில ஆசனங்கள் கிடைத்தன. தலைமை அரசாங்க அதிபரிடமே இருந்தது. வாக்குரிமை சொத்துடைமையோடு பிணிக்கப்பட்டிருந்தது.

கட்சிகள் தோன்றாத அக்காலத்தில் வேட்பாளர் அனைவருமே சுயேச்சைகள்தாம். எனினும் வாக்காளரும் வேட்பாளரும் ஏறத்தாழ ஒரே வகுப்பினர். வழக்கறிஞர், வைத்தியர், வணிகர், வீட்டுச் சொந்தக்காரர் ஆகியோர் தம்முள் ஒருவரைத் தெரிந்தனுப்பினர். உடைமை வகுப்பு முழுவதும் ஒரே நலனால் இணைந்திருந்தமையால் கட்சி என்னும் அமைப்பு அதற்குத் தேவைப்படவில்லை. ஆகவே அன்றைய சுயேச்சை, உடைமை தந்த சுயேச்சையே எனலாம். 1937இல் கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயராக வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து பதவியேற்றமையையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். குடியேற்ற அதிகாரியின் இடத்திற்கு நாட்டவர் ஒருவர் வந்தமை முன்னேற்றமே. ஆயின் தலைமை உயர் தொழில்சார் வகுப்பைத் தாண்டிச் செல்லவில்லை.

3

இந்நிலையை உடைத்தது தொழிலாளரின் அமைப்புரீதியான எழுச்சி. 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்திற்குத் தலைமை தாங்கிய ஏ. ஈ. குணசிங்க 1940இல் மேயரானார். 1930களிலே அவர் மலையாளத் தொழிலாளருக்கெதிரான இனவாதத்திற்குத் தாழ்ந்தமை மறக்கற்பாலதன்று. எனினும் உழைப்போர் வாக்கு நகரின் தலைமையை நிர்ணயிக்கக்கூடும் என்பதை அவ்வெற்றி காட்டிற்று. 1954இல் லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா மேயரானபோது கட்சி அரசியல் நகரசபை மண்டபத்திலே வேரூன்றிவிட்டது.

கட்சி வந்தபின் சுயேச்சையின் பொருள் மாறிற்று. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தெரிவான 95 பேரில் 21 பேர் சுயேச்சைகள். அவர்களுட் சிலரை இணைத்து மாற்று அரசாங்கம் அமைக்கக் கொழும்பின் 'யமுனா' இல்லத்தில் நடந்த பேச்சுகள் பயனளிக்கவில்லை, டி. எஸ். சேனநாயக்காவே அரசாங்கத்தை அமைத்தார். கட்சி சாராமை என்பது பேரம்பேசும் நிலையாகவும் அமையக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

உள்ளூர் மட்டத்திலே நிலைமை சற்று வேறு. 1946ஆம் ஆண்டின் 53ஆம் இலக்க உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல் கட்டளைச்சட்டத்தின்கீழ் வட்டார முறை நிலவிய காலத்தில் ஒருவர் தம் பெயரிலே, தம் அயலவரிடையே நின்று வாக்குக் கேட்க முடிந்தது. பொதுக் குழாய், மலசலகூடம், ஒழுங்கையின் வடிகான் என்பனவே பிரச்சினைகள். இத்தகைய வேட்பாளரின் துண்டுப்பிரசுரத்தை ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு நோக்கின் ஓர் உண்மை புலப்படும். கட்சிப் பிரசுரம் கொள்கையைப் பேச, சுயேச்சையின் பிரசுரம் ஆளைப் பேசும். கோயில் தருமகர்த்தா, பாடசாலைக்கு உதவியவர், ஏழைகளின் தோழர் என அடைமொழிகள் அடுக்கப்படும். வள்ளலைப் புரவலன் எனப் போற்றும் பழைய மரபின் எச்சம் இது. வாக்காளர் இங்கே இரவலர் நிலைக்குத் தாழ்த்தப்படுகின்றனர். ஆயினும் அதே வட்டார முறை, கட்சிகள் புறக்கணித்த ஒரு தொழிலாளிக்கோ ஒடுக்கப்பட்ட சாதியினர் ஒருவருக்கோ நுழைவாயிலாகவும் அமையக்கூடியதாயிருந்தது. இவ்விரு கூறுகளையும் ஒருங்கே காண்பதே இயங்கியல் நோக்காகும்.

4

1977ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தியபோது தனியொரு சுயேச்சை வேட்பாளர் சட்டத்தின் பார்வையிலிருந்து மறைந்தார். அவரிடத்திலே 'சுயேச்சைக் குழு' தோன்றிற்று. முழுச் சபைக்குமான பட்டியலை நிரப்பவல்லவரே போட்டியிடலாம். தன்விருப்பு என்னும் சொல், பலரைத் திரட்டவல்ல பணத்தையும் செல்வாக்கையும் குறிப்பதாயிற்று.

2006ஆம் ஆண்டுக் கொழும்புத் தேர்தல் இம்மாற்றத்தின் உச்சம். வேட்பாளர் ஒருவரின் வயது தொடர்பான குறைபாட்டினால் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. கட்சியின் ஆதரவு மூக்குக்கண்ணாடிச் சின்னத்திலே போட்டியிட்ட ஒரு சுயேச்சைக் குழுவுக்குத் திரும்பிற்று. மே 20ஆந் திகதி நடந்த வாக்கெடுப்பில் அக்குழுவே முன்னணியில் வந்தது. முச்சக்கரவண்டிச் சாரதியான உவைஸ் முகமது இம்தியாஸ் மேயரானார். உழைப்பாளி ஒருவர் தலைநகரின் முதற்குடிமகனானமை வரவேற்கத்தக்கதே. எனினும் அவரை அங்கு கொண்டுசென்றது உழைப்போர் இயக்கமன்று. பெருங்கட்சியொன்றின் எழுத்துப் பிழை. வாக்காளர் சின்னத்திற்குப் பின்னிருந்த கட்சியைக் கண்டே வாக்களித்தனர். பின் வென்றோர் விலகிக் கட்சியினருக்கு இடமளிக்க மறுத்தமையாலேயே சுயேச்சை என்னும் பெயர் சற்று மெய்யாயிற்று. அம்மறுப்பிற்கு மக்கள் ஆணை எதுவும் இருக்கவில்லை என்பதே அதன் முரண்.

5

2018 பெப்ரவரியில் நடந்த தேர்தலோடு 60:40 என்னும் கலப்பு முறையில் வட்டாரம் மீண்டது. 25 வீதப் பெண் பிரதிநிதித்துவமும் சட்டமாயிற்று. இவை நன்மைகளே. ஆனால் வட்டாரம் மீண்டதேயன்றி வட்டாரத்து மனிதர் மீளவில்லை. வாக்குச்சீட்டிலே இருப்பவை கட்சியின் அல்லது குழுவின் பெயரும் சின்னமுமே; வேட்பாளர் பெயர் இல்லை. கட்சி வேட்பாளர் ஒருவருக்குக் கட்டுப்பணம் 1,500 ரூபா. சுயேச்சைக் குழுவின் வேட்பாளருக்கு 5,000 ரூபா. கட்சியற்றவர் மூன்று மடங்கிற்கு மேல் செலுத்தவேண்டும் என்னும் இவ்விதி, சமத்துவம் பேசும் சட்டத்தினுள்ளே உடைமைத் தகுதி மறைமுகமாக வாழ்வதைக் காட்டுகிறது.

ஆயினும் சிறு குழுக்களின் ஆசனங்கள் பொருளற்றனவல்ல. 2025இல் 117 உறுப்பினர் கொண்ட கொழும்புச் சபையில் 48 ஆசனங்களையே பெற்ற தேசிய மக்கள் சக்தி, மேயர் தெரிவிலே 61 வாக்குகளைப் பெற்று 54 வாக்குகளைத் தோற்கடித்தது. வாக்கெடுப்பு இரகசியமாக நடந்தது. மேலதிகமான 13 வாக்குகள் எவ்வெவருடையவை என்பதை அவர்களைத் தெரிவுசெய்த மக்கள் அறிய வழியில்லை. தம் தொகுதியாருக்குப் பதில்கூறாத சுயேச்சை, 1947இல் போலவே மீண்டும் பேரத்தின் கருவியாகலாம்.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, சுயேச்சை என்பது எக்காலத்தும் வகுப்புக்கு அப்பாற்பட்டதாக இருந்ததில்லை என்பது தெளிவாகும். முதலில் அது உடைமையாளரின் இயல்பான நிலை. பின்னர் புரவலரின் பேரம். அதன்பின் பட்டியலின் போர்வை. அதனாலேயே அதனைப் புறந்தள்ளுதல் வேண்டும் என்பதன்று எமது முடிவு. வடிகானும் குழாயும் இன்றி வாழும் கொழும்புத் தோட்டங்களின் மக்கள் தம்முள் ஒருத்தியை நிறுத்த விரும்பின், கட்சியின் வாயிலிலோ செல்வரின் வாயிலிலோ காத்துநிற்கவேண்டிய நிலை இன்றும் தொடர்கிறது. கட்டுப்பணச் சமத்துவமும் வாக்குச்சீட்டிலே வேட்பாளர் பெயரும் சட்டத்தால் வரக்கூடியவை. அப்பெயருக்குப் பின்னே அயலவரின் அமைப்பு ஒன்று நிற்பதோ சட்டத்தால் வருவதன்று. அது போராட்டத்தால் வருவது. அவ்வமைப்பு உள்ள இடத்திலேதான் தன்விருப்பு மக்கள் விருப்பாகும்.