நியூட்டன்: தோற்ற டேப்லட், ஜெயித்த சிப்

ஆப்பிளின் டேப்லட் என்றதும் எல்லோருக்கும் 2010-ல் வந்த ஐபேட் தான் ஞாபகம் வரும். ஆனால் அதற்குப் பதினேழு வருடம் முன்னாலேயே ஆப்பிள் ஒரு டேப்லட்டை விற்று, கையைச் சுட்டுக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் நியூட்டன் மெசேஜ்பேட். சொல்லப்போனால் நியூட்டன் என்பது உள்ளே இருந்த மென்பொருள் தளத்தின் பெயர், மெசேஜ்பேட் என்பது தான் கருவியின் பெயர். ஆனால் மக்கள் வாயில் நின்றது நியூட்டன் தான்.

கணினி வரலாற்றில் "படுதோல்விகள்" என்று யார் பட்டியல் போட்டாலும் இதற்கு ஒரு இடம் நிச்சயம். அது உண்மையிலேயே தோல்வியா என்பதை லாப நட்டக் கணக்கை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஐந்தொகையையும் (அதாங்க, பேலன்ஸ் ஷீட்) புரட்டிப் பார்க்க வேண்டும்.

1987-ல் ஸ்டீவ் சகோமன் என்ற பொறியாளர் ஆப்பிளுக்குள் இந்த வேலையை ஆரம்பித்தார். கீபோர்டு கிடையாது, பேனாவால் திரையிலேயே எழுதலாம், எழுதியதைக் கருவி படித்துக்கொள்ளும். இது தான் கனவு. முதலில் யோசித்தது பெரிய ஸ்லேட் அளவு கருவி. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஹாபிட் என்ற பிராசசர், அதுவும் ஒன்றல்ல, மூன்று! அப்படியே செய்திருந்தால் விலை பல ஆயிரம் டாலருக்குப் போயிருக்கும். போதாததற்கு ஹாபிட்டில் கோளாறுகள் வேறு. 1990-ல் பொறுப்பேற்ற லாரி டெஸ்லர் (கட், காப்பி, பேஸ்ட்டை நமக்குத் தந்தவர்களில் ஒருவர்) வேறு சிப் தேட ஆரம்பித்தார்.

தேடல் போய் நின்ற இடம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். அங்கே ஏக்கார்ன் என்ற சிறிய கணினி நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த சிப் 1985-லேயே ஓட ஆரம்பித்திருந்தது. மொத்தமே சுமார் 25,000 டிரான்சிஸ்டர்கள். விலை அதிகமான செராமிக் உறை போடக் காசில்லை, பிளாஸ்டிக் உறை தான் கட்டுப்படியாகும். பிளாஸ்டிக் என்றால் சூடு ஏறக்கூடாது. அதனால் மின்சாரத்தைச் சிக்கனமாகக் குடிக்கும்படி பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். கடைசியில் வந்த சிப் அவர்கள் எதிர்பார்த்ததை விடவும் மிகக் குறைவாகவே மின்சாரம் எடுத்தது. பாக்கெட் கருவிக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஒரு சிக்கல். ஏக்கார்னும் ஆப்பிளும் பள்ளிக்கூடங்களுக்குக் கணினி விற்பதில் போட்டியாளர்கள். போட்டியாளரிடம் போய் சிப் வாங்குவதா? அதற்குக் கண்டுபிடித்த வழி தான் தனி நிறுவனம். 1990 நவம்பரில் ஏக்கார்ன், ஆப்பிள், சிப் தயாரிக்கும் விஎல்எஸ்ஐ மூவரும் சேர்ந்து ஏஆர்எம் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். ஏக்கார்னிலிருந்து வந்த பன்னிரண்டு பொறியாளர்கள். ஆப்பிள் போட்ட பணம் சுமார் 30 லட்சம் டாலர், கிடைத்த பங்கு ஏறக்குறைய 43 சதவீதம். ஆப்பிள் மாதிரி கம்பெனிக்கு இது டீ செலவு. அன்றைக்கு யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே அமெரிக்காவில் ஆரவாரம் வேறு மாதிரி இருந்தது. 1992 ஜனவரியில் ஆப்பிள் தலைவர் ஜான் ஸ்கல்லி, "பெர்சனல் டிஜிட்டல் அசிஸ்டென்ட்" என்று ஒரு புதுப் பெயரையே உருவாக்கி மேடையில் முழங்கினார். பிடிஏ என்ற சொல் அங்கே பிறந்தது தான். மே மாதம் சிகாகோவில் மாதிரியைக் காட்டினார்கள். கடைக்கு வந்ததோ 1993 ஆகஸ்டில். பதினைந்து மாதம் பத்திரிகைகள் ஊதிக்கொண்டே இருந்தால் எதிர்பார்ப்பு எங்கே போய் நிற்கும்? இதற்குள் ஸ்கல்லியே தலைவர் நாற்காலியை இழந்திருந்தார். பிள்ளை பிறந்தபோது அப்பா வீட்டில் இல்லை!

முதல் மெசேஜ்பேடின் உள்ளே என்ன இருந்தது? 20 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் 610 பிராசசர். 640 கேபி ரேம், 4 எம்பி ரோம். 336-க்கு 240 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை. ஒரு பிசிஎம்சிஐஏ கார்டு செருகும் இடம், இன்னொரு நியூட்டனுக்குத் தகவல் அனுப்ப இன்ஃப்ராரெட். எடை 400 கிராம் சொச்சம். இவ்வளவையும் ஓட்டியது டிவி ரிமோட்டில் போடுவோமே, அதே நாலு ஏஏஏ பேட்டரி. விலை 699 டாலர்.

மென்பொருளிலும் அழகான யோசனைகள் இருந்தன. ஃபைல், ஃபோல்டர், சேவ் எதுவும் கிடையாது. எழுதியது அப்படியே இருக்கும். "செவ்வாய் மதியம் பாபுடன் சாப்பாடு" என்பது போல ஆங்கிலத்தில் எழுதி ஒரு பொத்தானைத் தொட்டால், காலண்டரில் தானே குறித்துக்கொள்ளும். வேண்டாத சொல்லைப் பேனாவால் கிறுக்கினால் புகை மாதிரி "புஸ்" என்று மறையும்.

எல்லாம் சரி, கையெழுத்து தான் காலை வாரிவிட்டது. அந்த மென்பொருள் ரஷ்யர்களின் பாராகிராஃப் நிறுவனத்தில் உருவானது. எழுத்து எழுத்தாகப் படிக்காமல், முழுச் சொல்லையும் தன்னிடமுள்ள அகராதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அகராதியில் இல்லாத பெயரை எழுதினால் போச்சு, அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற வேறு ஏதோ ஒரு சொல்லைத் தூக்கிப் போடும். எழுதியவரின் கையெழுத்து பழக அதற்குச் சில வாரம் ஆகும். ஆனால் கடையில் நின்று எழுதிப் பார்ப்பவர் கொடுக்கும் நேரம் சில நிமிடம். டூன்ஸ்பரி கார்ட்டூன் தொடர் அதே ஆகஸ்டில் போட்டுத் தாக்கியது. 1994-ல் சிம்ப்சன்ஸ் தொடரில் ஒரு பையன் "மார்ட்டினை அடி" என்று எழுத, நியூட்டன் அதை "மார்த்தாவைச் சாப்பிடு" என்று மாற்றிக் காட்டும். சிரித்தவர்களில் எத்தனை பேர் நியூட்டனைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்?

கொடுமை என்னவென்றால், பிரச்சினையை ஆப்பிள் பிறகு சரிசெய்துவிட்டது. நியூட்டன் 2.0-வில் ஆப்பிளின் ஆட்களே எழுதிய புதிய முறை, பிரித்து எழுதும் எழுத்துக்களை நன்றாகவே படித்தது. 1997-ல் வந்த மெசேஜ்பேட் 2000-ல் 162 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஏஆர்எம், அதாவது முதல் மாடலைப் போல எட்டு மடங்கு கடிகார வேகம். 480-க்கு 320 புள்ளித் திரை. பத்து வருடம் கழித்து 2007-ல் வந்த முதல் ஐபோனின் திரையிலும் புள்ளிக் கணக்கு அதே தான்! ஆனால் கேலி பரவிய வேகத்தில் திருத்தம் பரவவில்லை.

இதற்கிடையில் 1996-ல் பாம் பைலட் வந்துவிட்டது. 299 டாலர், சட்டைப் பையில் போடலாம். அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் 1989-லேயே கிரிட்பேட் என்ற இரண்டு கிலோ டேப்லட்டைச் செய்து அடிபட்டுத் தெளிந்தவர். மனிதக் கையெழுத்தைக் கருவி கற்பதற்குப் பதில், கருவிக்குப் புரியும் எழுத்தை மனிதனே கற்கட்டும் என்று கிராஃபிட்டி முறையைக் கொண்டுவந்தார். அதே கிராஃபிட்டி அதற்கு முன்பு நியூட்டனுக்கும் மென்பொருளாக விற்கப்பட்டது என்பது வேடிக்கை.

1997 நிதியாண்டில் ஆப்பிளுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டம். திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் கத்தரிக்கோலை எடுத்தார். ஸ்டைலஸ் என்றாலே அவருக்கு ஆகாது. நியூட்டனைக் கொண்டுவந்தவர் தன்னை வெளியேற்றிய ஸ்கல்லி என்பதும் ஒரு காரணம் என்று பலர் பேசினார்கள். அந்தக் காரணம் இல்லாவிட்டாலும், மூழ்கும் கப்பலில் அதை வைத்திருக்க முடிந்திருக்காது. 1998 பிப்ரவரி 27 அன்று நியூட்டன் நிறுத்தப்பட்டது. ரசிகர்கள் ஆப்பிள் அலுவலக வாசலில் பதாகையோடு வந்து நின்றார்கள். பலனில்லை.

சரியாக ஏழு வாரம் கழித்து, ஏப்ரல் 17-ல் ஏஆர்எம் பங்குச் சந்தைக்கு வந்தது.

நியூட்டனுக்காகப் போட்ட அந்த "டீ செலவு" இப்போது மரமாகி நின்றது. நோக்கியா போன்கள் உட்பட உலகத்தின் செல்பேசிகளுக்குள் ஏஆர்எம் சிப் புகுந்துவிட்டிருந்தது. ஆப்பிள் தன் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றது. 1999 நிதியாண்டில் ஆப்பிள் காட்டிய நிகர லாபம் 60 கோடி டாலர். அதில் சுமார் 23 கோடி, ஏஆர்எம் பங்கு விற்ற லாபம் (வரிக்கு முன்). 2003-க்குள் எல்லாவற்றையும் விற்று முடித்தபோது மொத்த லாபம் 80 கோடி டாலரைத் தாண்டியது. ஐமேக் தான் ஆப்பிளைக் காப்பாற்றியது என்பார்கள், உண்மை தான். ஆனால் அந்த வருடங்களின் ஆண்டறிக்கையில் "இதர வருமானம்" என்ற வரியை யாரும் நின்று படிப்பதில்லை.

2010-ல் வந்த ஐபேடின் ஏ4 சிப் ஏஆர்எம் வடிவமைப்பு தான். 2016-ல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 3,200 கோடி டாலர் கொடுத்து ஏஆர்எம்மை வாங்கியது. 2023 செப்டம்பரில் ஏஆர்எம் மறுபடியும் சந்தைக்கு வந்தபோது, முன்கூட்டியே பங்கு கேட்டு வரிசையில் நின்ற நிறுவனங்களில் ஆப்பிளும் ஒன்று.