கண்ணும் கணிதமும்: நிகழ்படச் சுருக்கத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

நிகழ்படச் சுருக்கத்தின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே எழுதப்படுகின்றது. ஆயின், மனிதக் கண்ணின் வலுவின்மைகளை மனிதன் அறிந்துகொண்ட வரலாறாக அதனை நோக்குதலே பொருத்தமாகும். குறைந்த பிற் வீதத்திற் படத்தை அனுப்புவோர் எதனையேனும் இழந்தேயாகவேண்டும். எதனை இழப்பது என்பதே வினா.

இவ்வினாவிற்குக் கணினிக்கு முன்னரே ஒரு விடை காணப்பட்டது. 1953ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கா ஏற்றுக்கொண்ட வர்ணத் தொலைக்காட்சி முறை, கறுப்பு வெள்ளைப் படத்துக்கென வகுக்கப்பட்ட 6 மெகாஹேட்ஸ் அலைவரிசைக்குள்ளேயே வர்ணத்தையும் அடக்க நேர்ந்தது. ஒளிர்வின் நுண்மையை நன்கு காணும் கண், நிறத்தின் நுண்மையை அவ்வளவாகக் காண்பதில்லை. எனவே ஒளிர்வுக்கு அகன்ற இடமும் நிறத்துக்கு ஒடுங்கிய இடமும் வழங்கப்பட்டன.

1974இல் அஹமட், நடராஜன், ராவ் ஆகிய மூவரும் தனித்த கோசைன் உருமாற்றத்தை வெளியிட்டனர். படத்துண்டொன்றின் மென்மையான மாற்றங்களையும் நுண்ணிய மாற்றங்களையும் அது வேறுபிரித்தது. கண் அதிகம் பொருட்படுத்தாத நுண்மாற்றங்களைப் பருமட்டாகக் குறிப்பது இதனாற் சாத்தியமாயிற்று. 1988இல் வெளிவந்த எச்.261 நியமம் இதனைக் கையாண்டது. 176க்கு 144 புள்ளிகள் கொண்ட சிறு படத்தைச் செக்கனுக்குப் பத்துத் தடவை அனுப்புவதற்கு, நிறவிபரத்தைக் குறைத்த பின்னரும், ஏறத்தாழ 30 இலட்சம் பிற்றுக்கள் வேண்டும். எண்முறைத் தொலைபேசித் தடமொன்று தந்ததோ 64,000 மட்டுமே.

இங்கு புதிய இடரொன்று தோன்றியது. நுண்மையின் இழப்பைப் பொறுத்த கண், துண்டுகளின் விளிம்பில் எழுந்த நேர்கோடுகளைப் பொறுக்கவில்லை. எச்.261இலேயே மென்மையாக்கும் வடிகட்டியொன்று இடம்பெற்றதாயினும், 2003இன் எச்.264 நியமமே விளிம்புகளை ஆராய்ந்து மென்மையாக்கும் முறையைச் செம்மைப்படுத்தியது. அவ்வாறு திருத்தப்பட்ட படமே அடுத்த படங்களை ஊகிப்பதற்கும் அடிப்படையாயிற்று.

2018இல் வெளியான ஏவி1 மேலும் ஒருபடி சென்றது. திரைப்படச் சுருளின் மணித்துகள்கள் ஒழுங்கற்றவை; ஆதலாற் சுருக்குதற்கு அரியவை. அவற்றை அகற்றிவிட்டு, அவற்றின் இயல்பை மட்டும் சில எண்களால் அனுப்பி, பெறுமிடத்திற் புதிதாக உண்டாக்கும் வசதி அதில் உண்டு. மூலத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும் கணிதம் இதனைப் பிழையென்னும். கண்ணோ மூலத்துக்கு நெருங்கியதென்னும்.

பொழுதுபோக்கிற் கண்ணின் தீர்ப்பே போதுமானது. ஆனால் நிகழ்படம் நாளை வரலாற்று மூலமாகவும் அமையும். சாசனத்தின் சிதைவு வெளிப்படையானது. ஆய்வாளன் அதனைக் கண்டு எச்சரிக்கை அடைகின்றான். நிகழ்படத்தின் இழப்போ கண்ணுக்குப் புலப்படாதிருக்கவே திட்டமிடப்பட்டது. ஆதலால், காணப்படுவது யாது என்பதோடு, காணாமற் போக்கப்பட்டது யாது எனவும் வினவுதல் வரலாற்று மாணவரின் கடனாகின்றது.