பரணில் கிடக்கும் மடிக்கணினி



போன வாரம் அரங்கம்குப்பத்திலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். கையில் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. "ஆன் பண்ணா விண்டோஸ் படம் வருது, அப்படியே நின்னுடுது டீச்சர். ஃபார்மேட் பண்ணணும்னு கடையில சொல்றாங்க. அப்பா போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு" என்றான். அவன் அப்பா நம் ஏரியில் பாடு முறையில் இறால் பிடித்தவர். இப்போது இல்லை.

அந்தக் கணினியின் வரலாறு நம் மாவட்டத்தில் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். திருவள்ளூர் பக்கத்துக் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்காட் கொள்முதல் செய்தது. அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருந்தது. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கியது, தமிழிலும் இயங்கும். நம் பிள்ளைகள் பலர் முதல் வேலையாக அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாவை ஏற்றினார்கள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கணினி எழுந்திருப்பதும் பாடு மாதிரி முறை வைத்துத்தான். முதலில் பயாஸ் எழுந்து நினைவகம், விசைப்பலகை எல்லாம் சரியா என்று பார்க்கும். பிறகு வட்டில் இருக்கும் சிறு நிரலை அழைக்கும். அது இயங்குதளத்தை எழுப்பும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தால் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும். இவனுடையதில் எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வரை ஒழுங்காக வந்தது. நின்றது விண்டோஸில்தான்.

எஃப்8 அழுத்திப் பார்த்தேன். விண்டோஸ் 95 காலத்திலிருந்தே இருக்கும் 'சேஃப் மோடு' வழி அது. அத்தியாவசியமானதை மட்டும் வைத்துக்கொண்டு எழுந்திருக்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு தவறான கோப்பால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கணினிகள் எழ முடியாமல் தவித்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அப்போதும் பல கணினிகளில் சேஃப் மோடு வழியாக நுழைந்துதான் அந்தக் கோப்பை நீக்கினார்கள்.

இவனுடையதில் அதுவும் நின்றது. மறுபடி பட்டியலுக்குப் போய் பாஸைத் தேர்ந்தெடுத்தேன். நல்லவேளை, இவன் அழிக்கவில்லை. நிதானமாக எழுந்தது. விண்டோஸ் பகுதியைத் திறந்து, படங்களை எல்லாம் பென் டிரைவில் நகலெடுத்தேன். பழுது பார்ப்பது அதற்குப் பிறகுதான். வட்டே கெட்டுக்கொண்டிருந்தால், பழுது பார்க்கும்போதே மிச்சமும் போய்விடலாம். பிறகு விண்டோஸின் தொடக்கப் பழுதுநீக்கத்தை ஓடவிட்டேன். மூன்றாவது முயற்சியில் எழுந்தது. அதற்குள் அவன் என் கணினியில் படங்களைப் பார்க்க ஆரம்பித்திருந்தான். ஒன்றில் அவன் அப்பா இடுப்பளவு தண்ணீரில், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒன்று கிடந்தால், கடைக்குக் கொடுப்பதற்கு முன் என்னிடம் கொண்டுவாருங்கள். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.