சொந்த வீடும் சங்கத்து விதியும்



அண்மையில் ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணாக்கர் ஒருவர் தம் மனைவியாரோடு என் இல்லத்துக்கு வந்தார். இருவரும் ஆசிரியத் தொழில் புரிபவர்கள். இருவரும் மாத்தளை மாவட்டத்துத் தோட்ட லயங்களிற் பிறந்து, படித்து, முன்னேறியவர்கள். பதினைந்து ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. எஞ்சியதற்கு வங்கியிற் கடன் பெறலாம். நகருக்கு வெளியே பழைய தென்னந்தோப்பு ஒன்றைத் துண்டுகளாகப் பிரித்து, வீடுகளைக் கட்டி விற்கிறார்கள். வீடு பிடித்திருக்கிறது, விலையும் எட்டக்கூடியதே. ஆயின் ஒரு நிபந்தனை உண்டு. வீடு வாங்குவோர் அனைவரும் குடியிருப்பாளர் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். மாதந்தோறும் சந்தா செலுத்த வேண்டும். அச்சிட்ட விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். முன்புறச் சுவரின் உயரம் இவ்வளவு, ஆடு மாடு வளர்த்தல் ஆகாது, சங்கத்துக்கு அறிவியாமல் வாடகைக்கு விடலாகாது என்று அவ்விதிகள் நீளுகின்றன.

"ஐயா, எங்கள் அப்பா இதைக் கேட்டுவிட்டு, 'மறுபடியும் ஒரு துரைக்குக் கீழேயா போகப் போகிறாய்?' என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு எனக்கு உறக்கமில்லை" என்றார் என் மாணாக்கர்.

அந்தப் பெரியவரின் வினாவை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. வீடும் விதியும் பற்றிய நம்மவரின் அச்சத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் வரலாறு உண்டு. சரித்திரம் படித்தவன் என்ற முறையில் அதனைச் சற்று விரித்துரைக்க அனுமதியுங்கள்.

1840ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றினார்கள். காடும் தரிசுமாய்க் கிடந்த நிலத்துக்கு உரிமையை மெய்ப்பிக்க இயலாவிடின் அது முடிக்குரியது என்பதே அதன் சாரம். அந்நாளிற் கோப்பித் தோட்டக்காரருக்கு ஏக்கர் ஐந்து சிலின் விலையில் நிலம் கிடைத்தது. மாத்தளை மலைகளிற் காடு எரிந்தது, கோப்பி எழுந்தது. அக்கோப்பியைப் பறிக்கத் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டினூடே வடபாதை வழியாகக் கால்நடையாய் நடந்து, தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையை அடைந்தார்கள். வழியில் மடிந்தவர் பலர். உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மாரியம்மனை நினைந்து கைகூப்பிய இடமே இன்று முத்துமாரியம்மன் கோயிலாக விளங்குகிறது என்று எங்களூரில் வழிவழியாகச் சொல்லுவர்.

1848ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில் இந்த மாத்தளையிலேயே கலகம் மூண்டது. துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, போதாக்குறைக்குத் தெருவேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைப்பு என்று தேசாதிபதி டொறிங்டன் பிரபு சுமத்திய சுமைகளைக் கண்டு சிங்களக் குடியானவர்கள் கொதித்தெழுந்தார்கள். தம்புள்ளையிற் கொங்காலேகொட பண்டா முடி சூடினார். புரன் அப்பு ஆகஸ்டு 8ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். தங்களைக் கலவாது மேலிருந்து வந்த விதிகளை மாத்தளை மக்கள் எவ்வாறு எதிர்கொண்டார்கள் என்பதற்கு அந்த ஆண்டு ஒரு சான்று.

அதே ஆண்டு டிசம்பரில், இலண்டன் மாநகரின் நீதிமன்றமொன்றில், கலகம் எதுவுமின்றி, வேறொரு காரியம் நிகழ்ந்தது. லெஸ்டர் சதுக்கத்தின் நடுவே இருந்த பூங்காவை டல்க் என்பவர் 1808இல் விற்றபோது, அதனை என்றும் பூங்காவாகவே வைத்திருக்க வேண்டும் என்று வாங்கியவரிடம் உடன்படிக்கை எழுதி வாங்கியிருந்தார். நிலம் கைமாறிக் கைமாறி மொக்ஸி என்பவரிடம் வந்தது. அவரது உறுதியில் அவ்வுடன்படிக்கை எழுதப்படவில்லை. ஆயினும் அப்படியொன்று இருப்பது அவருக்குத் தெரியும். கட்டிடம் எழுப்ப முனைந்தவரைக் கொட்டன்ஹாம் பிரபு தடுத்துத் தீர்ப்பளித்தார். அறிந்து வாங்கியவனை முந்திய உடன்படிக்கை கட்டுப்படுத்தும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஆங்கில வழிச் சட்டமுள்ள நாடுகளில் அயலார் கூடி ஒருவர் காணியில் ஒருவர் நிபந்தனை விதிக்கும் ஏற்பாடு வேரூன்றியதற்கு இத்தீர்ப்பு பெருந்துணையாயிற்று.

இவ்வேர் அமெரிக்காவிற் பெருமரமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கான்சஸ் நகரில் ஜே. சி. நிக்கல்ஸ் என்ற காணி வணிகர், வீட்டு உறுதிகளிலேயே விதிகளை எழுதி, அவற்றைக் காக்க வீட்டுக்காரர் சங்கங்களையும் ஏற்படுத்தினார். இன்று அந்நாட்டில் ஏழு கோடிக்கும் மேற்பட்டோர் இத்தகைய சங்கங்களுள்ள குடியிருப்புகளில் வாழ்கின்றனர். தெரு சுத்தமாயிருக்கிறது, மரங்கள் ஒழுங்காயிருக்கின்றன. ஆயின் நிக்கல்ஸ் எழுதிய விதிகளுள் கறுப்பின மக்கள் அங்கே வீடு கொள்ளலாகாது என்பதும் ஒன்று. சென்ற் லூயிஸ் நகரில் ஒரு தெருவின் வீட்டுக்காரரிற் பெரும்பான்மையோர் 1911இல் இத்தகைய உடன்படிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டிருந்தனர். 1945இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பத்தார் அங்கே வீடு வாங்கியபோது, அயலார் வழக்குத் தொடுத்தனர். 1948ஆம் ஆண்டு மே மாதத்தில், இப்படிப்பட்ட உடன்படிக்கையை நிறைவேற்றிக் கொடுப்பது நீதிமன்றத்தின் வேலையன்று என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஷெல்லி குடும்பம் அவ்வீட்டிலேயே வாழ்ந்தது.

அந்த 1948 நமக்கு எப்படி முடிந்தது என்பது நேயர்களுக்குத் தெரியும். அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவர் ஆயினர். மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. இதனை வீட்டோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பவர் குறைவு. 1963ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம், இலங்கைப் பிரசையல்லாத ஒருவருக்குக் காணி கைமாறும்போது அதன் பெறுமதி அளவுக்கே, அஃதாவது நூற்றுக்கு நூறு, வரி விதித்தது. இங்கேயே பிறந்து இங்கேயே உழைத்தவர் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு துண்டுக் காணி வாங்க விரும்பினால், அரசாங்கத்துக்கு இன்னோர் ஆயிரம் கட்ட வேண்டும். 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர், எந்த நாட்டிற் போய் வாழப்போகிறோம் என்பதே தெரியாதவர் எந்த ஊரில் வீடு வாங்குவர்? ஆகவே லயமே கதியாயிற்று.

லயக் காம்பரா என்பதைக் காணாத நேயர்களுக்காகச் சொல்லுகிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறை, முன்னே சிறிய இஸ்தோப்பு, தகரக் கூரை. அப்படி வரிசையாய்ப் பத்து, பன்னிரண்டு. சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. அதற்கு வாடகை இல்லை என்பது உண்மை. உறுதியும் இல்லை என்பது அதனினும் பெரிய உண்மை. செக்றோலிற் பெயர் இருக்கும்வரைதான் காம்பராவில் இடம். 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையின் காலத்தில், துரையின் துண்டுச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்திற் சேரவும் வழியில்லை. வேலையும் வீடும் ஒரே கயிற்றிற் கட்டப்பட்டிருந்தன.

நானும் ஒரு காம்பராவிற் பிறந்தவன்தான். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். நான் ஐந்தாம் வகுப்பிற் படித்த காலத்தில் என் தகப்பனார் காம்பராவின் பின்புறம் பலகையும் தகரமும் கொண்டு ஒரு சிறு சமையற்கட்டு இறக்கினார். அடுப்புப் புகையினால் அம்மாவின் கண் கெட்டுக்கொண்டிருந்தது. அனுமதி பெறவில்லை என்று சொல்லி மூன்றாம் நாள் அதனைப் பிடுங்கிப் போட்டார்கள். பக்கத்திலிருந்த கறிவேப்பிலைக் கன்றும் மிதிபட்டது. சமையற்கட்டைப் பற்றி அப்பா பின்னர் ஒரு வார்த்தை பேசவில்லை. கறிவேப்பிலைக் கன்றைப் பற்றி மட்டும் சாகும்வரை பேசினார்.

பழங்கதை என்று இதனைச் சொல்லிவிடவும் முடியாது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில், எமது மாவட்டத்து எல்கடுவைப் பகுதித் தோட்டமொன்றில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடில் உடைக்கப்பட்ட காட்சியை நாடு முழுவதும் கண்டது.

இடையில் நல்ல மாற்றங்களும் வந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளுக்குப் போயிற்று. நிலம் அரசாங்கத்தினுடையது, குத்தகை ஐம்பத்துமூன்று ஆண்டு. அதே காலத்தில் தோட்ட வீடமைப்புக்கென ஒரு நிதியம் தோன்றியது. தோட்டந்தோறும் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் பிறந்தன. தொழிலாளி சங்கத்தின் மூலம் கடன் பெற்று, சம்பளத்திற் கழித்துக் கடனை அடைத்து, தனி வீடு கட்டினார். சங்கத்து விதிக்குட்பட்ட சொந்த வீடு என்பதனை நம்மவர் முதன்முதலிற் பரவலாகக் கண்டது இங்கேதான். கடனை அடைத்தும் ஆண்டுக்கணக்கில் உறுதி கைக்கு வராமற் காத்திருந்தோர் ஏராளம். 2003இற் பிரசாவுரிமைச் சிக்கல் சட்டத்தால் தீர்ந்தது. 2015இன் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியும் பசுமை பூமி உறுதிகளும் வந்தன. இந்திய உதவி வீடுகளும் எழுந்தன. ஆயினும் லயத்திலேயே இன்னும் பல்லாயிரம் குடும்பங்கள் இருக்கின்றன.

இனி என் மாணாக்கரின் காரியத்துக்கு வருகிறேன். துரையின் விதிக்கும் சங்கத்தின் விதிக்கும் உள்ள வேறுபாடு, விதியைச் செய்வதில் நமக்குக் கை உண்டா என்பதிலேயே இருக்கிறது. பெரட்டுக்களத்தில் வாக்கெடுப்பு நடந்ததில்லை. சங்கக் கூட்டத்தில் வீட்டுக்கொரு வாக்கு உண்டு. அதனால் மட்டும் நிம்மதி கொள்ள முடியுமா என்றால், முடியாது. சென்ற் லூயிஸ் தெருவில் 1911இற் கையொப்பமிட்டவர்களும் பெரும்பான்மையினரே. 1948இல் எமது பாராளுமன்றத்திற் கையுயர்த்தியவர்களும் பெரும்பான்மையினரே. எத்தனை பேர் சேர்ந்தால் விதியை மாற்றலாம், சிலரை மட்டும் தாக்கும் விதியை அவர்கள் இசைவின்றிச் செய்யலாமா என்று பார்க்க வேண்டும்.

சட்டத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இதனை விற்பனைக்காரர் விளக்குவதில்லை. இலங்கையிற் காணிச் சட்டத்தின் அடிப்படை உரோம டச்சுச் சட்டம். நிலத்தின் மேல் நிற்கும் கட்டிடம் நிலத்தோடே சேரும் என்பது அதன் கோட்பாடு. மாடிவீட்டில் மேல்தளத்தை மட்டும் ஒருவர் சொந்தமாக்கிக்கொள்ள அது இடந்தராது. அதற்கெனவே 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டம் வந்தது. அங்கே உடைமையாளர் யாவரும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர். அது சந்தா விதிக்கலாம், வழக்கிடலாம். 2003இலிருந்து இவற்றைக் கண்காணிக்க ஆதன முகாமைத்துவ அதிகாரசபையும் உண்டு. கொழும்பில் மாடிவீடு வாங்குவோருக்கு இது பொருந்தும். மாத்தளையின் தனிக்காணி வீடுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது. அங்கே சங்கத்துக்குச் சந்தா கட்டுவேன் என்பது வாங்குபவர் கொடுக்கும் தனிவாக்கு. பாதையுரிமை போன்றதைப் பதிவு செய்தால் அது காணியோடு ஒட்டிச் செல்லும். "நீ பணம் கட்டு, நீ வேலை செய்" என்னும் கடமையோ, பொதுவிதியாக, அவ்வாறு ஒட்டிச் செல்லாது. இன்று வாங்கியவர் நாளை விற்றுவிட்டால், புதியவர் கட்ட மறுக்கலாம். பாதி வீட்டார் கட்டாவிட்டால் பாதையைச் செப்பனிடுவது யார்? நீர்த்தொட்டி மோட்டார் பழுதானால்?

ஆகவே என் மாணாக்கரின் தந்தையார் அஞ்சுவது வலிமை மிக்க துரையை. மாத்தளையில் நான் கண்டதோ வலிமையற்ற சங்கங்களை. காணி பிரித்து விற்றவர் போய்விடுவார். பாதை அவர் பெயரிலேயே கிடக்கும். மழைநீர் வடிகால் எவருக்கும் சொந்தமில்லாமற் போகும். பிரதேச சபை, "எமக்கு ஒப்படைக்கப்படவில்லை" என்று சொல்லும். பத்து ஆண்டில் கார் போன வழி மாட்டுவண்டிக்கும் உதவாது.

நான் அவ்விருவருக்கும் சொன்னது இதுதான். வீட்டை வாங்கலாம். வாங்குமுன், பாதையும் கிணறும் நீர்த்தொட்டி நிற்கும் காணியும் எவர் பெயரில் எழுதப்படும் என்று கேளுங்கள். பதிவகத்திற் பார்த்து வாருங்கள். சங்கத்தின் கணக்கு எவர் கையில், விற்பவர் விலகும் நாள் எது என்று எழுத்தில் வாங்குங்கள். விதிகளைத் தமிழிற் கேளுங்கள். உங்களுக்கு அது உரிமை, உதவியன்று. விற்பவர் வாயால் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால், அந்தச் சொல்லையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. அங்கே ஏற்கெனவே குடிவந்திருப்போரின் வீட்டுக்குப் போய் ஒரு தேநீர் குடித்து வாருங்கள். 1983 ஜூலையில் மாத்தளை நகரில் வாழ்ந்தவர்களுக்கு, அயலான் யார் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அவர்கள் புறப்பட்டபோது அந்த அம்மையார் வாசலில் நின்று, "ஐயா, அந்த விதிப் புத்தகத்தில் மரம் நடுவதைப் பற்றி ஒன்றும் இல்லையே, நடலாமா?" என்று கேட்டார். எழுதியிராவிட்டாலும் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். நொத்தாரிசிடம் போகும் நாளில் நானும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.