தேவிகுளம் 1958, மூணாறு 2015: வாக்காளர் வேட்பாளரான கதை

1958 மே மாதம் நடைபெற்ற தேவிகுளம் இடைத்தேர்தல் நினைவுகூரப்படுவது பெரும்பாலும் ஒரு பாடகரால். ரோசம்மா புன்னூஸ் 1957இல் பெற்ற வெற்றியைத் தீர்ப்பாயம் செல்லாததாக்கியிருந்தது. மெலிந்த பெரும்பான்மையில் நின்ற இ.எம்.எஸ். அரசுக்கு அந்த ஓர் இடம் இன்றியமையாததாயிற்று. தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் வாக்கைத் திரட்டப் பண்ணைப்புரத்திலிருந்து மலையேறிய பாவலர் வரதராசன் அவர்கள் மொழியிலேயே பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் மூணாறு வேலைநிறுத்தத்தின்போது காவல்துறை சுட்டதில் இரு தொழிலாளர் மாண்டனர். ஒருவர் பாப்பம்மாள் என்னும் பெண். மலை தந்த வாக்கு அரசைக் காத்தது. அவ்வரசின் துப்பாக்கியிலிருந்து மலையைக் காக்கவில்லை.

இதற்குப் பிந்திய அரை நூற்றாண்டில் லயங்களுக்கும் வேட்பாளருக்கும் இடையே நின்றவை தொழிற்சங்கங்கள். கூலி, போனஸ், வாக்கு ஆகிய மூன்றும் ஒரே வாயில் வழியே சென்றன. 2010 முதல் கேரள உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆயினும் எந்தப் பெண் நிற்பது என்பதைக் கட்சிகளே முடிவு செய்தன. இட ஒதுக்கீட்டைப் புகழும் ஆய்வுகள் இந்த வேறுபாட்டைப் பல வேளைகளில் கவனிப்பதில்லை.

2015 செப்டம்பரில் அந்த வாயில் உடைந்தது. கண்ணன் தேவன் நிறுவனம் போனஸை 10 விழுக்காடாகக் குறைத்ததை எதிர்த்துக் கொழுந்து பறிக்கும் பெண்கள் மூணாறு நகரச் சாலையை ஒன்பது நாட்கள் மறித்தனர். அந்நிறுவனத்தில் 2005 முதல் தொழிலாளரும் பங்குதாரர் என்பது இதில் கசப்பான உண்மை. சங்கத் தலைவர்களை அவர்கள் அருகே விடவில்லை. செப்டம்பர் 13 அன்று 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத் தொகையும் என மொத்தம் 20 விழுக்காடு கிடைத்தது. நாட்கூலியை 232 ரூபாயிலிருந்து 500 ஆக்கக் கோரிய அடுத்த போராட்டம் 301 ரூபாயில் நின்றது. காரணம் எளிது: கூலியை முடிவு செய்யும் தோட்டத் தொழிலாளர் குழு சங்கங்களுக்கென அமைந்தது, தெருவில் திரண்ட பெண்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.

நாற்காலி கிடைக்கக்கூடிய வேறோர் இடம் உள்ளாட்சி மன்றம். சில வாரங்களில், நவம்பர் 2 அன்று, இடுக்கியில் வாக்குப்பதிவு. வந்து கேட்கும் வேட்பாளரிடம் வாக்குறுதி பெறுவதை விடுத்து, ‘பெம்பிளை ஒருமை’ தன் பெண்களையே நிறுத்தியது. தேவிகுளம் வட்டார ஊராட்சியில் ஓரிடம், மூணாறு கிராம ஊராட்சியில் இரண்டு எனப் பெற்றது மூன்றே இடங்கள்.

இதனைத் தோல்வியாகக் கணக்கிடுவது அவசர முடிபு. சாலையில் ஆயிரக்கணக்கானோரை இணைத்தது ஒரே முதலாளி, ஒரே கூலி. தேர்தலோ அவர்களை வார்டு வார்டாகப் பிரித்தது. வென்றவர்க்கும் வழி குறுகியதே. லயமும் அது நிற்கும் மண்ணும் நிறுவனத்தின் பிடியில் இருக்க, ஓய்வு பெற்றதும் வீட்டைவிட்டு வெளியேறும் தொழிலாளிக்கு ஊராட்சி உறுப்பினர் எங்கே வீடு கட்டித் தருவார்?

வட்டார ஊராட்சிக்கு வென்ற கோமதி பின்னர் சி.ஐ.டி.யு.வில் சேர்ந்தார், அங்கும் நிலைக்கவில்லை. 2017 ஏப்ரலில் அமைச்சர் எம்.எம். மணி இப்பெண்களை இழிவுபடுத்திப் பேசியதாக எழுந்த கொந்தளிப்பில், அவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமென மூணாற்றில் உண்ணாநிலை இருந்தவர்களுள் கோமதியும் ஒருவர். 2015இல் மறிக்கப்பட்ட அதே நகரத்தின் தெருவில் மீண்டும் பந்தல் எழுந்தது.