கோப்பை முழுதாகப் படித்தவர்

தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து 1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கும் நல்லது என்று கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது பரவியது. அதன் விளைவாக உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் வளர்ச்சி குன்றிப் பிறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பலர் நெடுநாள் வாழவில்லை. அமெரிக்க அரசின் கணக்கில் அங்கே பாதிக்கப்பட்ட குழந்தைகள் 17 பேர். இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு முதற்காரணம், வாஷிங்டனில் புதிதாகப் பணியில் சேர்ந்திருந்த பிரான்சிஸ் ஓல்டம் கெல்சி என்ற அதிகாரி.

சுயசிந்தனை என்றதும் அரசை எதிர்த்துச் சிறை சென்றவர்களையே நாம் நினைக்கிறோம். அவர்கள் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் இன்றைய சமுதாயத்தில் மக்களின் உயிரைத் தீர்மானிக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை அலுவலக மேசைகளில், கோப்புகளில், சோதனைச் சான்றுகளில் எடுக்கப்படுகின்றன. ஒரு வேலையைப் பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால், பொறுப்பையும் மற்ற ஒன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பிவிடுகிறோம். கெல்சியின் வரலாறு இங்கேதான் நமக்கு வேண்டியதாகிறது.

அவர் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகத்தில் சேர்ந்தது 1960 ஆகஸ்டில். அடுத்த மாதமே மெரல் நிறுவனம் தாலிடோமைடை விற்க அனுமதி கேட்டு விண்ணப்பித்தது. பிற நாடுகளில் தாராளமாக விற்கும் மருந்து. ஆகவே எளிய விண்ணப்பம் என்று கருதி, புதியவரான அவரிடம் கொடுத்தார்கள். அன்றைய சட்டம் விந்தையானது. அதிகாரி 60 நாளுக்குள் மறுப்பு எதுவும் எழுதாவிட்டால் மருந்து தானாகவே சந்தைக்குப் போகலாம். வாய்மூடி இருந்தாலே அனுமதி கொடுத்ததாக ஆகும். அவர் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுமே இல்லை. பேசாமல் இருந்திருந்தால் போதும்.

அவர் படித்தார். உடன் பணியாற்றிய வேதியியலாளரும் மருந்தியலாளரும் தத்தம் பகுதிகளைப் படித்தார்கள். மனிதர்களுக்கு உறக்கம் தரும் இம்மருந்து, சோதனை விலங்குகளுக்கு உறக்கம் தரவில்லை என்பது அவர்கள் கண்ணில் பட்டது. அப்படியானால் விலங்கின் உடல் இதை மனித உடலைப் போல ஏற்கவில்லை. விலங்குக்குக் கேடில்லை என்பதை வைத்து மனிதருக்குக் கேடில்லை என்று சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முயல்களுக்குக் கொய்னா கொடுத்து ஆராய்ந்தவர் கெல்சி. தாயின் உடல் சிதைத்துவிடும் மருந்தைக் கரு சிதைக்க இயலாமல் போகலாம் என்பதை அந்த ஆராய்ச்சியிலேயே அறிந்திருந்தார். விண்ணப்பத்தைக் குறையுடையது என்று திருப்பி அனுப்பினார். மீண்டும் வந்தது, மீண்டும் திருப்பினார். நிறுவனத்தார் நேரில் வந்தார்கள், தொலைபேசியில் நெருக்கினார்கள், மேலதிகாரிகளிடம் முறையிட்டார்கள்.

1961 பிப்ரவரியில், பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்திருந்த ஒரு கடிதம் அவர் கண்ணில் பட்டது. இம்மருந்தை நெடுநாள் உட்கொண்ட சிலருக்குக் கைகால் நரம்புகள் மரத்துப்போகின்றன என்று ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். வளர்ந்தவரின் நரம்பையே தாக்கும் மருந்து கருவிலிருக்கும் சிசுவை என்ன செய்யும்? கெல்சி எழுத்திலேயே கேட்டார். நிறுவனத்திடம் விடையில்லை. அவ்வாண்டின் இறுதியில் ஜெர்மனியின் லென்ஸ், ஆஸ்திரேலியாவின் மெக்பிரைடு ஆகிய மருத்துவர்களின் எச்சரிக்கைகளோடு உண்மை வெளிவந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து சிசுவைச் சிதைக்கும் என்று கெல்சிக்கு முன்பே தெரியாது. பாதுகாப்பானது என்பதற்குச் சான்று போதாது என்பது மட்டுமே தெரியும். அந்த அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் அதிலேயே நின்றார். சுயசிந்தனையின் மிக அரிய வடிவம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். மாறுபட்ட கருத்தை உரக்கச் சொல்வதைவிட, ஊர் உலகமே ‘தெரியும்’ என்னும்போது ‘இன்னும் தெரியவில்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுவது கடினம்.

அதே அமெரிக்காவில் நிகழ்ந்த இன்னொன்றையும் மறைக்கலாகாது. அனுமதி கிடைக்கும் முன்னரே, சோதனை என்ற பெயரில் 1,000-க்கும் மேற்பட்ட மருத்துவர்களுக்கு 25 லட்சம் மாத்திரைகள் போய்ச் சேர்ந்திருந்தன. ஏறத்தாழ 20,000 பேர் உட்கொண்டார்கள். யாருக்குக் கொடுத்தோம் என்ற குறிப்பைக்கூடப் பல மருத்துவர்கள் வைத்திருக்கவில்லை. கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். பெரிய நிறுவனம் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியவர்கள்.

1962 ஆகஸ்டில் அதிபர் கென்னடி கெல்சிக்கு விருது வழங்கினார். அதைவிடப் பெரிய பயன் அவ்வாண்டு அக்டோபரில் வந்த சட்டத் திருத்தம்: மருந்து பயன் தரும் என்பதை நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும், அரசு வெளிப்படையாக ஒப்புதல் தந்த பின்பே விற்க வேண்டும். கெல்சி 90 வயதில் ஓய்வு பெற்று, 2015-இல் 101-ஆம் வயதில் மறைந்தார்.

நமக்கு இது தொலைவான கதையன்று. 1937-இல் அமெரிக்காவில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த ஒரு திரவ மருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, அந்த நஞ்சைக் கண்டறியும் ஆய்வில் சிகாகோ மாணவியாக உதவியவர் இதே கெல்சி. அதே டைஎத்திலீன் கிளைக்கால், 2025-இல் நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலையொன்றில் தயாரான இருமல் மருந்தில் 48 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார்கள். மூலப்பொருளையும் ஒவ்வொரு பேட்ச் மருந்தையும் சோதித்து ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்று நம் நாட்டிலும் விதி உண்டு. 88 ஆண்டுகளாக உலகம் அறிந்த நஞ்சு அந்தப் புட்டிகளுக்குள் போனபோது, விதி தாளில் இருந்தது. விதியைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்ட மனிதர் இல்லை.

இதைப் படிப்பவர்களில் பலர் ஏதோ ஒரு தாளில் நாள்தோறும் கையெழுத்திடுபவர்கள். பொறியாளராக, ஆசிரியராக, தணிக்கையாளராக, ஆய்வக உதவியாளராக இருக்கலாம். உங்களிடம் என் வேண்டுகோள் இது: அடுத்து வரும் கோப்பைக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். ஐயம் எழுந்தால் எழுத்தில் பதியுங்கள். அப்படி எழுதும் இளையவர் உங்களுக்குக் கீழ் பணியாற்றினால், அவருக்குத் துணை நில்லுங்கள்.